மடித்துத் தைத்த இடது கால்

பட்டாணியின் இடது காலில் ஏதோ சரியில்லை என்பதை முதலில் பார்த்தவள் செக்கர். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டவளும் அவள்தான்.

பட்டாணி, செக்கருடைய தம்பியின் மகள். அப்போது அதற்கு நான்காவது மாதம் நடந்துகொண்டிருந்தது. காலை ஷிப்ட் முடித்து வந்த செக்கர் குழந்தையைக் குளிப்பாட்டி, கட்டிலில் துண்டை விரித்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் வேலை பார்க்கும் தையல் கம்பெனியில் கைக்கு வருவதெல்லாம் குழந்தைகளின் கால்சட்டைகள்தான். ஒவ்வொன்றையும் மேசையில் போட்டு, ஒரு காலின்மேல் மற்றக் காலை மடித்து வைத்து, கீழ்விளிம்புகள் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது அவள் வேலை. வருடக்கணக்கான பழக்கம். மூளையைக் கேட்டுக்கொண்டு கை அதைச் செய்வதில்லை. துடைத்து முடித்த கையோடு பட்டாணியின் பாதங்களைச் சேர்த்துப் பிடித்து முழங்கால்களை மடக்கினாள். இடது முழங்கால் தாழ்ந்து நின்றது.

விட்டுவிட்டு மறுபடி பிடித்தாள். மறுபடியும் இடதுதான் தாழ்ந்தது. தொடை மடிப்பைப் பார்த்தாள். வலது தொடையில் இருந்ததைவிட இடது தொடையில் ஒரு மடிப்பு கூடுதலாக இருந்தது. இரண்டு கால்களையும் அகட்டிப் பார்த்தாள். வலது கால் தவளைக்கால் மாதிரி விரிந்து துண்டைத் தொட்டது. இடது கால் பாதியிலேயே நின்றுவிட்டது. குழந்தைக்கு வலியில்லை போலிருந்தது. பொக்கை வாயைத் திறந்து சிரித்தது.

வேறு எந்த வீடாக இருந்தாலும் அன்று சாயங்காலமே, "இந்தக் காலைக் கொஞ்சம் பாரேன்" என்று ஒருவர் மற்றவரிடம் சொல்லியிருப்பார்கள். செக்கர் அந்த வார்த்தையை விழுங்கினாள். சொன்னால் குழந்தை வீட்டை விட்டுப் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

செக்கர் என்பது கம்பெனி வைத்த பெயர். தையல் வரிசை முடிகிற இடத்தில் ஒரு மேசை, தலைக்கு மேலே ஒரு குழல்விளக்கு, கையில் சிவப்பு அம்பு அச்சடித்த குட்டி ஸ்டிக்கர் சுருள். தையல் கோணினால் கோணிய இடத்துக்கு நேராக ஒரு அம்பு. நூல் தொங்கினால் அங்கே ஒரு அம்பு. அம்பு விழுந்த துணி தைத்தவளிடமே திரும்பிப் போகும். அவள் முணுமுணுத்துக்கொண்டே பிரித்துத் தைப்பாள். ஆகவே அந்த வரிசையில் ஒருத்திக்கும் செக்கரைக் கண்டால் ஆகாது. சாப்பாட்டு நேரத்தில் அவள் போய் உட்கார்ந்தால் பெஞ்சில் பக்கத்து இடம் தானாகக் காலியாகும். அவளும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. கால் நீட்ட வசதி என்று நினைத்துக்கொள்வாள்.

ஸ்டிக்கர் சுருள் பையோடு வீட்டுக்கும் வந்தது. ஒழுகும் குழாயில் ஒரு அம்பு. சரியாக மூடாத ஜன்னலில் ஒரு அம்பு. அவளைக் கட்டிக்கொண்ட மனுஷன் ஒருநாள் வேலைக்குப் போய், பாதி நாள் கழிந்த பிறகு கண்ணாடியில் முகம் பார்த்தபோது காதுக்குக் கீழே ஒரு அம்பு இருந்தது. காலையில் சவரம் செய்யும்போது விட்டுப்போன இடம். அவர் பிரிந்து போனதற்கு அதுவா காரணம் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் போகிற இடமெல்லாம் அவர் அதைத்தான் சொன்னார். கேட்டவர்களும் சிரித்துவிட்டு அவர் பக்கம் நியாயம் இருப்பதாகச் சொன்னார்கள்.

கம்பெனி அவளுக்குக் கொடுத்த வீடு மூன்றாவது மாடியில் இரண்டு அறைகள். தம்பி ஏசி மெக்கானிக். படிப்பு முடித்த நாளிலிருந்து அக்கா வீட்டில்தான் இருந்தான். கல்யாணம் ஆனதும் மனைவியையும் அங்கேயே கூட்டிவந்தான். அவள் பார்சல் ஆபீஸில் சரக்கு வாங்கி வைக்கும் வேலை பார்த்தாள். அவள் வந்த முதல் வாரமே செக்கர் அவளுக்குப் பார்சல் என்று பெயர் வைத்துவிட்டாள். "உன் பார்சல் எழுந்தாச்சா?", "பார்சலுக்கு டீ வேணுமாமா?" என்று தம்பியிடம் கேட்பாள். பார்சலும் இளைத்தவள் இல்லை. ஸ்டிக்கர் ஒட்டிய பாத்திரத்தைக் கழுவாமல் அப்படியே எடுத்துக்கொண்டு வந்து நாத்தனார் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பாள்.

"அண்ணி, உங்க அம்பு ஒண்ணு இங்க விழுந்து கிடந்துச்சு. யாரைக் குறி வச்சீங்களோ தெரியலை."

"குறி வச்ச இடத்துலதான் விழுந்திருக்கு. அடியில கரி அப்படியே இருக்கு பாரு."

"உங்க வீட்டுக் கரி. நான் வர்றதுக்கு முன்னாடியே இருந்தது."

"என் வீடுன்னு ஞாபகம் இருக்குல்ல? அது போதும்."

இந்த வீட்டில்தான் பட்டாணி பிறந்து வந்தது. தலை மேலேயும் புட்டம் கீழேயுமாக வயிற்றில் உட்கார்ந்திருந்ததால் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். கூட்டிவந்த அன்றே செக்கர் துணியை விலக்கி, விரல்களை எண்ணி, காதுகளை இழுத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு காதும் ஒரே அளவா இல்லையே" என்றாள். பார்சல் தையல் வலியோடு எழுந்து உட்கார்ந்து, "உங்க தம்பி காதை முதல்ல அளந்துட்டு வாங்க" என்றாள். தம்பி தன் காதுகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வெளியே போய்விட்டான். சண்டை ஆரம்பித்தால் அவனுக்கு எங்கேயாவது ஒரு ஏசி கெட்டுப்போவது வழக்கம்.

ஆனால் குழந்தையைத் தூக்கியதும் செக்கருக்கு என்னவோ ஆகிவிட்டது. தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் நகர்ந்து போகாத முதல் ஆள் அது. தோளில் போட்டால் கழுத்தோடு மூக்கை அழுத்திக்கொண்டு தூங்கியது. அப்போது செக்கர் மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விடுவாள்.

பட்டாணிக்கு இரண்டு மாதம் ஆனபோது அந்தச் சண்டை வந்தது. பார்சலின் அக்கா குழந்தைக்கு ஒரு சட்டை வாங்கி அனுப்பியிருந்தாள். பார்சல் அதைப் போட்டுக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் குழந்தையின் கழுத்தடியில் சிவப்பாக ஒரு அம்பு.

"இது என்ன?"

"கழுத்துப் பட்டி கோணல். உங்க அக்கா கடையில பிரிச்சுப் பார்த்து வாங்கக் கூடாதா?"

"எம்புள்ள மேல ஒட்டியிருக்கீங்க."

"புள்ள மேல எங்க ஒட்டினேன்? சட்டை மேல ஒட்டினேன்."

"சட்டைக்குள்ள யாரு இருக்கா? உங்க தாத்தாவா?"

தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட பார்சல் அந்த ஸ்டிக்கரைப் பிய்த்துச் சுவரில் அறைந்தாள். குழந்தை வீரிட்டு அழுதது.

"கேட்டுக்கோங்க. உங்களுக்கு இருக்கறது கண்ணே இல்லை, குறை பொறுக்கற இடுக்கி. குழாயைச் சொல்லுங்க, ஜன்னலைச் சொல்லுங்க, என்னைச் சொல்லுங்க. எம்புள்ளகிட்ட ஒரு குறை, ஒண்ணே ஒண்ணு, உங்க வாயிலேருந்து வந்துச்சுன்னா, அன்னிக்கே இவளைத் தூக்கிட்டுப் போயிடுவேன். அப்புறம் எந்தக் காலத்துலயும் இவ மூஞ்சியை நீங்க பார்க்க முடியாது."

அன்று மாலை தம்பி அக்காவை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

"அக்கா, அவ சொன்னா செய்வா. உன் வாயைக் கொஞ்சம் கட்டேன், உனக்குப் புண்ணியமாப் போகும்."

"கட்டிட்டேன் போ. அந்தப் புள்ளைக்கு இன்னொரு தலை முளைச்சாலும் இனிமே நான் சொல்லமாட்டேன். போதுமா?"

"போதும்" என்றான் தம்பி. அவனுக்கு அப்போதைக்கு அது போதுமாகத்தான் இருந்தது.

பார்சல் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்தாள். ஆபீஸில் கெஞ்சிக் கூத்தாடி மதிய ஷிப்ட் வாங்கிக்கொண்டாள். செக்கருக்குக் காலை ஷிப்ட். ஒருத்தி செருப்பைக் கழற்றும்போது மற்றவள் மாட்டுவாள். குழந்தை வாசற்படியில்தான் கை மாறும். "பால் குடிச்சாச்சு", "தூங்கலை", "மூக்கு ஒழுகுது" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார்கள். தேவைக்கு மேல் ஒரு சொல் கிடையாது.

கால் விஷயம் செக்கர் கண்ணில் பட்டது இந்த நாட்களில்தான். முதலில் அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். வயிற்றில் அப்படி உட்கார்ந்திருந்ததால் கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும், வளர வளரச் சரியாகிவிடும் என்றாள். ஊசி போடும் நாளில் நர்ஸாவது பார்த்துச் சொல்வார் என்று எதிர்பார்த்தாள். அங்கே கூட்டம் வாசல் வரை நின்றது. நர்ஸ் எடை பார்த்தார், தொடையில் ஊசியைப் போட்டார், அடுத்த குழந்தையைக் கூப்பிட்டார்.

வேலை செய்யும் இடத்தில் நூல் வெட்டுகிறவள் ஒருத்தி உண்டு. எல்லாரும் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். செக்கரோடு வாய் கொடுத்துப் பேசுகிற ஒரே ஆள். அவளிடம் செக்கர் கேட்டாள்.

"பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டையா இருக்கு. அவங்களுக்குத் தெரியலை போல."

"போய்ச் சொல்லு."

"சொன்னா சண்டைக்கு வருவாங்க."

"உனக்கு சண்டைன்னா என்ன, புதுசா? தினம் எங்ககிட்ட இத்தனை போடறியே, அதுல ஒண்ணை மிச்சம் பிடிச்சு அங்க போய்ப் போடு."

"இந்தச் சண்டையில தோத்தா குழந்தை கையைவிட்டுப் போயிடும்டி."

கத்திரி கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "பக்கத்து வீட்டுக் குழந்தைன்னுதானே சொன்னே?"

"வேலையைப் பாரு" என்றாள் செக்கர்.

சொல்லாமல் சொல்ல அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். கம்பெனியில் ஊழியர்களுக்கு விற்கும் கால்சட்டைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். டேப்பால் உள்பக்கம் ஒரு தடவை, வெளிப்பக்கம் ஒரு தடவை அளந்தாள். இரண்டு காலும் அச்சு அசல் ஒரே நீளம். அதைப் பட்டாணிக்குப் போட்டாள். வலது விளிம்பு கணுக்காலில் நின்றது. இடது விளிம்பு இறங்கி விரல்களை மூடியது. பார்சல் இரவில் வேலை முடிந்து வரும் நேரம் பார்த்துக் குழந்தையை வாசலுக்கு நேராக, கால் முன்னால் தெரியும்படி தலையணையில் சாய்த்து உட்கார வைத்தாள். கண் உள்ளவள் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவள் கணக்கு.

பார்சல் வந்தாள். பார்த்தாள். வழக்கத்தைவிட ஒரு கணம் கூடுதலாகவே பார்த்தாள். பிறகு குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு, "கால் நீளம் பார்த்து எடுக்கத் தெரியலை. செக்கராம் செக்கர்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் அந்தக் கால்சட்டையின் இடது விளிம்பு உள்ளே மடித்துத் தைக்கப்பட்டிருந்தது. அதே நிற நூல். நெருக்கமான, சின்னச் சின்னத் தையல். பார்சல் கையிலிருந்து இவ்வளவு நேர்த்தியாக ஒரு வேலை வந்து செக்கர் பார்த்ததில்லை. குழந்தைக்குப் போட்டால் இரண்டு காலும் ஒன்றுபோல் தெரிந்தன.

செக்கருக்குக் குழந்தையின் கால் மறந்துவிட்டது. என் பீஸில் ஒரு கால் நீளமாம்! நான் பாஸ் செய்த பீஸில்! அவள் பிளேடை எடுத்து அந்தத் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டாள். மறுநாள் அது மறுபடி தைத்திருந்தது. அவள் பிரித்தாள். அடுத்த முறை துவைத்து வந்தபோது தையல் இரட்டை வரிசையாக இருந்தது. அதையும் பிரித்தாள். துணியில் ஊசித் துளைகள் சல்லடை மாதிரி ஆகிவிட்டன. இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. புதுக் கால்சட்டை வந்தால் அதற்கும் இதே கதி. இந்தப் போரில் வாரங்கள் போயின. எதற்காக விளிம்பைத் தொங்கவிட்டோம் என்பதே செக்கருக்குச் சில நாட்கள் நினைவில் இருக்காது. குளிப்பாட்டும்போது மட்டும் நினைவு வரும். பாதங்களைச் சேர்த்துப் பிடிப்பாள். பார்த்துவிட்டுத் துண்டைப் போட்டு மூடுவாள்.

மற்றதற்கெல்லாம் சண்டை குறைவில்லாமல் நடந்தது. பட்டாணி முதல் தடவை குப்புற விழுந்தது யாரிடம் என்று ஒரு சண்டை. "நேத்தே எங்கிட்ட விழுந்தாச்சு" என்றாள் செக்கர். "உங்ககிட்ட விழுந்தது தவறி விழுந்தது, எங்கிட்ட விழுந்ததுதான் குப்புற விழுந்தது" என்றாள் பார்சல். முதல் பல்லை யார் முதலில் தொட்டது என்று ஒரு சண்டை. தம்பி தன் போனில் எடுத்த படங்களைக் காட்டிச் சமாதானம் செய்யப் பார்த்தான். படத்தில் யார் கையிலிருந்தது குழந்தை என்று அதற்கும் ஒரு சண்டை வந்தது. குழந்தையோ இருவர் குரலையும் கேட்டு, எந்தப் பக்கம் சத்தம் அதிகமோ அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தது.

தவழும் வயது வந்தது. பட்டாணி ஒரு முழங்காலைத்தான் ஊன்றியது. இடது காலை வாலைப்போல் பின்னால் இழுத்துக்கொண்டு அறை முழுக்கச் சுற்றியது. "நம்ம வண்டிக்கு மூணு சக்கரம்" என்று தம்பி சிரித்தான். பார்சல் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

பத்தாம் மாதம், ஒரு விடுமுறை நாள் காலை, மூன்று பேரும் வீட்டில் இருந்தார்கள். பட்டாணி முக்காலியைப் பிடித்துக்கொண்டு முதல்முறையாக எழுந்து நின்றது. வலது பாதம் தரையில் பதிந்தது. இடது குதிகால் தரைக்கு மேலே நின்றது. விரல்நுனி மட்டும் ஊன்றி, உடம்பை ஒரு பக்கம் சாய்த்து, வெற்றியோடு எல்லாரையும் பார்த்தது.

"அடிச்சாளே! போட்டோவுக்கு எப்படி ஸ்டைலா நிக்கறா பாரு" என்று தம்பி போனைத் தூக்கினான்.

பார்சல் சட்டென்று குனிந்து குழந்தையின் இடது குதிகாலைக் கட்டைவிரலால் தரையோடு அழுத்தினாள். விட்டாள். குதிகால் எழும்பியது. மறுபடி அழுத்தினாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஒட்டாத தபால்தலையை அழுத்துவதுபோல் அழுத்திக்கொண்டே இருந்தாள். இதை அவள் புதிதாகச் செய்யவில்லை என்பது பார்த்த உடனே செக்கருக்குப் புரிந்துவிட்டது.

"அழுத்தினா எறங்காது" என்றாள் செக்கர்.

பார்சல் நிமிரவில்லை. "எது?"

"அந்தக் கால். இடுப்புலேருந்தே குட்டையா இருக்கு."

சொல்லிவிட்டாள். இத்தனை மாதம் நெஞ்சுக்குள் கிடந்தது வெளியே வந்துவிட்டது. அறையில் குழந்தை மட்டும் முக்காலியைத் தட்டிக்கொண்டிருந்தது.

"எப்போ பார்த்தீங்க?" பார்சலின் குரல் தாழ்ந்திருந்தது.

"நாலாம் மாசம்."

"நாலாம் மாசம் பார்த்துட்டு, இவ்வளவு நாள் சும்மா இருந்தீங்க."

"நீதானே சொன்னே, ஒரு குறை சொன்னா தூக்கிட்டுப் போயிடுவேன்னு..."

"நான் ஆயிரம் சொல்லுவேன்! குழாய்ல ஒழுகினா சொல்றீங்க, காது ஒரே அளவா இல்லைன்னா சொல்றீங்க, சொல்ல வேண்டிய ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் எனக்குப் பயந்துட்டீங்களா? என் திட்டுக்குப் பயந்தா எம்புள்ள காலை விட்டீங்க?"

"நீ என்ன பெரிய யோக்கியம்? மடிச்சு மடிச்சுத் தைச்சியே, அது எதுக்கு? உனக்குத் தெரியாதா?"

அதற்குப் பார்சல் சொன்னதைக் கேட்க யாருக்கும் பிடித்திருக்காது.

"டயப்பர் மாத்தற ஒவ்வொரு தடவையும் தெரியும். ஒரு பக்கம் விரியாது. உங்க கண்ணுல படக்கூடாதுன்னுதான் தைச்சேன். பட்டா ஊரெல்லாம் கேட்கிற மாதிரி சொல்லிக் காட்டுவீங்க. நீங்க ஜெயிச்ச மாதிரி ஆயிடும். நடக்க ஆரம்பிச்சா தானா சரியாப் போயிடும்னு..."

"எந்தக் கால்?" என்றான் தம்பி, போனைத் தூக்கிப் பிடித்தபடியே.

"நீ பேசாதே" என்றாள் செக்கர். "நீங்க சும்மா இருங்க" என்றாள் பார்சல். வீட்டில் முதல்முறையாக இருவரும் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்.

எலும்பு டாக்டர் ஒரு பெண்மணி. அதிகம் பேசாதவர். குழந்தையைப் படுக்க வைத்துக் கால்களை அகட்டிப் பார்த்தார். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தை விளக்குப் பலகையில் மாட்டி விரலால் காட்டினார். தொடை எலும்பின் உருண்டையான தலை இடுப்புக் கிண்ணத்தில் உட்கார வேண்டும். வலது பக்கம் உட்கார்ந்திருந்தது. இடது பக்கம் வெளியே நழுவி நின்றது.

"எப்போ கவனிச்சீங்க?"

செக்கர் தரையைப் பார்த்தாள். பார்சல்தான் சொன்னாள். "நாலாம் மாசம்."

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும்."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. தனக்குப் பக்கத்தில் இருப்பவள் திட்டு வாங்குவதைப் பார்க்கத்தான் இருவரும் காத்திருந்தார்கள். டாக்டர் அந்த வசதியைக்கூடச் செய்து கொடுக்கவில்லை.

"அப்பவே வந்திருந்தா காலை விரிச்சுப் பிடிக்கிற ஒரு பட்டை மாட்டிவிட்டே சரி பண்ணப் பார்த்திருக்கலாம். இப்போ மயக்க மருந்து கொடுத்து எலும்பை உள்ளே வைக்கணும். அது நகராம இருக்க மாவுக்கட்டு. நெஞ்சுக்குக் கீழேயிருந்து கால்வரைக்கும். சில மாசம் ஆகும்."

"நடப்பாளா?" இதைக் கேட்டது தம்பி.

"நடப்பான்னு நம்பறேன். கட்டைப் பிரிச்சுப் படம் எடுத்துப் பார்த்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். நடுவுல கட்டு நனையக் கூடாது, உள்ளே தோல் புண்ணாகக் கூடாது. புண்ணாச்சுன்னா கட்டை எடுத்தாகணும். எடுத்தா முதல்லேருந்து."

சிகிச்சை முடிந்து கட்டோடு குழந்தை வெளியே வந்தது. கால்கள் இரண்டும் அகன்று, தவளையை வெள்ளையடித்து வைத்ததுபோல் இருந்தது. பார்சல் அதைப் பார்த்துவிட்டு நாத்தனாரைப் பார்த்தாள்.

சொன்ன சொல்லைப் பார்சல் காப்பாற்றினாள். மூன்று மாடி ஏறி இறங்க முடியாது என்று தம்பியிடம் காரணம் சொன்னாள். அதுவும் உண்மைதான். இரண்டு தெரு தள்ளித் தரைத்தளத்தில் ஒரு வீடு பிடித்தார்கள். சாமான் இறங்கிய அன்று செக்கர் சமையலறையில் நின்று ஏற்கெனவே கழுவிய டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். யாரும் அவளிடம் போய்வருகிறோம் என்று சொல்லவில்லை. கீழே வண்டிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. இரண்டு அறைகளும் அவளுக்கே கிடைத்தன. குறை சொல்ல ஆள் இல்லாத வீட்டில் குறையும் இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு வாரம் போயிருக்கும். தம்பி கம்பெனி வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, அவளை ஒருத்தரால தூக்க முடியலை. கட்டு கனம். ஒருத்தர் முதுகைப் பிடிச்சா ஒருத்தர் காலைப் பிடிக்கணும். துடைக்கணும், புரட்டணும். அவ லீவு போட்டுட்டு இருக்கா. நான் வேலைக்குப் போயிட்டா தனியாத் தவிக்கிறா."

"அவ கூப்பிட்டாளா?"

"கூப்பிடலை."

"அப்புறம்?"

"'வேற நாதி இல்லைன்னா வரட்டும்'னா. அவ வாயிலேருந்து வந்ததுக்கு அது கூப்பிட்ட மாதிரிதான்."

செக்கர் அங்கேயிருந்து நேராகப் போனாள். பார்சல் கதவைத் திறந்துவிட்டு உள்ளே நடந்தாள். பட்டாணி அத்தையைக் கண்டதும் கட்டோடு எழும்பப் பார்த்துக் கைகளை ஆட்டியது. அதை மட்டும் பார்சலால் தடுக்க முடியவில்லை. அன்று முதல் தினமும் இதே நடந்தது. ஒருத்தி தோளைப் பிடிப்பாள், மற்றவள் கட்டின் அடியில் கை கொடுப்பாள். "தூக்கு." "தூக்கிட்டேன்." "மெதுவா." "எனக்குத் தெரியும்." பட்டாணிக்கு ஒரு வயது முடிந்த நாளும் கட்டுக்குள்தான் போனது. தம்பி ஒரு பலூன் ஊதிக் கட்டிலில் கட்டினான். குழந்தையின் கைக்கு எட்டுகிற பக்கம் அது இல்லை என்று செக்கருக்குத் தெரிந்தது. சொல்லாமல் போய் அவிழ்த்து இந்தப் பக்கம் கட்டினாள். பார்சல் முறைத்தாள். மறுபடி மாற்றிக் கட்டவில்லை.

அதற்குப் பிறகு ஒருநாள், குழந்தையைப் புரட்டிப் போட்டு முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கட்டின் மேல்விளிம்புக்குக் கீழே, இடுப்பின் பின்பக்கம், தோல் சிவந்திருந்தது. அழுத்தினாலும் அந்தச் சிவப்பு வெளுக்கவில்லை. செக்கர் பார்த்தாள். கை நின்றது. எதிர்ப்பக்கம் பார்சலின் கையும் நின்றுவிட்டிருந்தது. இந்த வீடு அவளுடையது இல்லை. கதவைக் காட்டினால் போக வேண்டியதுதான்.

"என்ன, வாயில கொழுக்கட்டையா?" என்றாள் பார்சல். "சொல்லுங்க."

"சிவந்திருக்கு. கட்டு உரசுது."

"நானும் பார்த்தேன்."

"பார்த்தா சொல்றதுக்கென்ன?"

"நீங்க சொல்றதுக்கென்ன? இதுக்கும் ஆறு மாசம் எடுத்துக்கலாம்னு இருந்தீங்களா?"

"இதோ சொல்லிட்டேனே! காது கேட்கலையா?"

"நான் கேட்டப்புறம் சொன்னீங்க. உங்களை எனக்குப் பிடிக்காது, எப்பவும் பிடிக்காது. நீங்க சொன்னா நான் திட்டத்தான் செய்வேன். திட்டுவாங்கிட்டுச் சொல்லுங்க. சொல்லாம இருந்தீங்கன்னாத்தான் இந்த வாசல் ஏற விடமாட்டேன்."

"எனக்கு மட்டும் உன்னைப் பிடிக்குதா? துண்டை எடு. காலைப் பிடி. அந்தக் காலை இல்லைடி, கட்டைப் பிடி, கட்டை!"

"டி போடாதீங்க."

ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேரும் அப்படியே கிளம்பினார்கள். வண்டிக் கதவுக்குள் கட்டு நேராக நுழையவில்லை. எந்தப் பக்கமாகச் சாய்த்து ஏற்றுவது என்று தெருவே பார்க்கச் சத்தம் போட்டுக்கொண்டார்கள். ஓட்டுநர் இறங்கி நின்று, "அம்மா, யாராவது ஒருத்தர் சொல்லுங்கம்மா" என்று கெஞ்சினார். ஒருத்தி தோளையும் ஒருத்தி கட்டையும் விடவில்லை. நடுவில் பட்டாணி அகன்ற கால்களோடு கிடந்து, சத்தம் எந்தப் பக்கம் அதிகம் என்று தீர்மானிக்க முடியாமல், இரண்டு பக்கமும் மாறி மாறித் திரும்பிக்கொண்டிருந்தது.